வெறும் கண்ணாடி

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர். கிணற்றில் இறைப்பது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் வரும். அது குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான். எச்சில் தட்டை நல்ல தண்ணீரில் அலசுகிறவளைத் தெருவே ஒரு மாதிரியாகப் பார்க்கும். தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேதியியலில் முதல் வகுப்பில் தேறி, ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்ட பிறகும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. போகவில்லை என்பதே எனக்குத் தெரியாது. அதனால் வந்த வினையை என் அக்கா சுமந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத்துறைமுகம் வந்து, பெரிய கப்பல்கள் நேராகக் கரையில் கட்டத் தொடங்கியிருந்தன. உப்பை வைத்து ரசாயனம் செய்யும் ஓர் ஆலையில் நான் கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றால் தெருவில் நல்ல மரியாதை. செய்த வேலையோ ஒன்றே ஒன்றுதான்: உப்பளத்திலிருந்து வரும் நீரில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று பார்ப்பது. சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீர் பால் மாதிரி வெளுத்துக் கலங்கும். நிறம் காட்டுவதற்காகச் சேர்த்த குரோமேட்டின் மஞ்சள், செங்கல் நிறமாக மாறுகிற சொட்டில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். காலையில் தொடங்கினால் ஷிப்ட் முடிகிறவரை இதே வேலை. மாடு செக்கைச் சுற்றுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். மாட்டுக்கு முதல் வகுப்புப் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஷிப்டும் 'பிளாங்க்' போட்டுத்தான் தொடங்கும். அதாவது உப்புநீர் எதுவும் சேர்க்காமல், காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரை முதலில் சோதிப்பது. அதற்கு எத்தனை சொட்டு செலவாகிறதோ அது நம் தண்ணீரின் குற்றம், நம் பாத்திரத்தின் குற்றம். அதைக் கழித்த பிறகுதான் மற்றதெல்லாம். பிளாங்க் போடாமல் எழுதிய தாளைத் தலைமைக் கெமிஸ்ட் படிக்காமலே கிழித்துக் கூடையில் போடுவார். நானும் என் கீழே வேலை பார்த்தவர்களின் தாள்களை அப்படிக் கிழித்திருக்கிறேன்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டினவர். அவரும் அம்மாவும் நான் கல்லூரியை முடிப்பதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா, கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் "தம்பிக்கு ஒரு வழி ஆகட்டும்" என்றே சொல்லி வந்தாள். நாளாக ஆகப் பேச்சு எடுப்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு வழி ஆவதென்றால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லூரி நூலகத்துக்கு வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்கள் மாதக்கணக்கில் தாமதமாக வரும். பழைய மாணவன் என்ற உரிமையில் சனிக்கிழமைகளில் போய்ப் புரட்டுவேன். அப்படி ஒரு நாள் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. சாயம், நாப்தலின் உருண்டை, பிளாஸ்டிக் என்று நாம் அறிந்த கரிமப் பொருள்கள் எல்லாம் மின்சாரத்தைக் கடத்தாதவை. ஆனால் அவற்றில் சில, உலோகத்துக்கு ஈடாகக் கடத்தக் கூடும் என்று அதில் எழுதியிருந்தது. நான் அந்தக் கட்டுரையை நின்றபடியே படித்து முடித்தேன். உப்பைத் தவிர உலகத்தில் வேறு வேதியியல் இருக்கிறது என்பதையே மறந்து போயிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வேலைக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்ற வெறி அன்றுதான் பிடித்தது.

ஆனால் கையில் என்ன இருக்கிறது? தோணிகளுக்குப் பூசும் நீலப் பெயிண்ட் இருந்தது. அந்த நீலத்துக்குள் இருக்கும் சாயம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்று இதழ்களில் படித்திருந்தேன். பெட்ரோல் ஊற்றி எண்ணெயைப் பிரித்தேன். மிஞ்சிய தூளை அடர்ந்த கந்தக அமிலத்தில் கரைத்தேன். கரைசலை மெல்லப் பனிக்கட்டித் தண்ணீரில் ஊற்றினால் நீலம் மறுபடி பொடியாக இறங்கும். ஆலையிலிருந்து காய்ச்சி வடித்த நீரை ஒரு ஜாடியில் கேட்டு வாங்கி வந்து, அந்தப் பொடியை ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கழுவினேன். பிறகு அதைச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் மெல்லிய படலமாகக் காயவிட்டு, இரண்டு ஓரத்திலும் கிராஃபைட் பசை தடவி, நடுவில் மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். மாதா படத்துக்குச் சட்டம் போடும் கடையில் மிச்சம் விழுந்த கண்ணாடிகளை அளவாக வெட்டித் தந்தார்கள்.

சாயத்தைக் கழுவத்தான் ஆலைத் தண்ணீர். கண்ணாடியைக் கழுவ அதைச் செலவழிக்க எனக்குத் தோன்றவே இல்லை. கழுவுகிற வேலைக்குக் கிணறு இருக்கிறதே.

முதல் நாள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழுவியபோது இரண்டை உடைத்தேன். அக்கா வந்து பார்த்தாள்.

"என்னலே, பூசைப் பாத்திரத்தத் தொட்ட மாதிரி நடுங்கிட்டு நிக்க?"

"சுத்தமா இருக்கணும்க்கா. விரல் பட்ட தடம்கூட இருக்கக் கூடாது."

"குடு இங்கன. ஒங்கையில விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அன்றிலிருந்து கண்ணாடி கழுவுவது அவள் வேலை ஆயிற்று. சோப்புத் தூள் போட்டுத் தேய்ப்பாள். கிணற்றில் புதிதாக இறைத்த தண்ணீரில் ஏழெட்டு முறை அலசுவாள். விளிம்பை மட்டும் பிடித்து வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கிக் காயவைப்பாள். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். மடத்து அம்மாமார்களிடம் "எந்தம்பி கண்ணாடியில கரண்டு எடுக்கான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

பள்ளியில் என்னோடு படித்தவன் ஒருவன் கல்லூரியின் பௌதிகத் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தான். மிகச் சிறிய மின்னோட்டத்தையும் அளக்கும் மீட்டர் ஒன்று அங்கே தூசி படிந்து கிடந்தது. விடுமுறை நாட்களில் அதைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தான். நீலப் படலம் பூசிய முதல் கண்ணாடியை மாட்டியதுமே முள் நகர்ந்தது. இதழ்களில் போட்டிருந்ததைவிடப் பல்லாயிரம் மடங்கு மின்சாரம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நண்பன் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: "வெறும் கண்ணாடிய மாட்டிப் பாத்தியாலே?"

"கண்ணாடி எங்கலே கரண்டக் கடத்தும்? எட்டாங்கிளாஸ் பாடம்லா அது."

"சும்மா ஒருக்கப் பாத்திரலாமே."

"ஒனக்குப் பொறாமைலே" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் மனதில் நினைத்ததும் அதைத்தான். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே டீ குடிக்கப் போனான். அந்த அறையில் அப்போது ஐந்து வெறும் கண்ணாடிகள் மேசைமேல் இருந்தன. எடுத்து மாட்டினால் இரண்டு நிமிட வேலை. ஷிப்ட் தவறாமல் பிளாங்க் போட்ட கை அதை எடுக்கவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். முள் நகர்ந்துவிடுமோ என்ற பயம் எனக்குள் எங்கோ இருந்தது.

காலையில் மின்சாரம் அதிகமாகவும், மேற்கிலிருந்து மேல்காற்று வறண்டு வீசும் நடுப்பகலில் குறைவாகவும் இருந்தது. ஈரம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நானோ அதற்கு வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஒரு கொள்கையே கட்டினேன். எட்டுப் பக்கம் வந்தது. அழகான கொள்கை. அதைப் பெங்களூரில் இந்தத் துறையில் வேலை செய்த ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன்.

அவர் கூப்பிட்டுப் பேசினார். நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. "ஆறு மாதம் தற்காலிகமாக இருங்கள். இதே முடிவை இங்கே எடுத்துக் காட்டினால் ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்கிறேன். முடியாவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டியதுதான்" என்றார். ஆலை வேலையை ராஜினாமா செய்தேன். ஒரு வாரத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இனித் திரும்பிப் போக இடமில்லை.

கிளம்புகிற அன்று அக்கா, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, கழுவிய கண்ணாடிகள் ஒரு டஜனைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"அங்க இதெல்லாம் கெடைக்கும்க்கா."

"கெடைக்கும். கழுவித் தர யாரு இருக்கா?"

பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடியை அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அடுப்பில் உலர்த்தித்தான் தருவார்கள். அதில் என் நீலத்தைப் பூசி மாட்டினேன். முள் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. சாயத்தைப் புதிதாகச் சுத்தம் செய்தேன், படலத்தைத் தடிப்பாக்கினேன், மெலிதாக்கினேன். வாரங்கள் போயின. மற்ற மாணவர்கள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாதத்தில் இரண்டு மாதம் இப்படிக் கரைந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் வேட்டித் துணியைப் பிரித்து, அக்கா கழுவிய கண்ணாடி ஒன்றை எடுத்தேன். நீலம் பூசி மாட்டினேன். முள் குதித்தது. அடுத்த கண்ணாடியை எடுத்தவன், ஏனோ நீலம் பூசாமல் அப்படியே மாட்டினேன். முள் அதற்கும் குதித்தது. வாயை வைத்து அதன்மேல் ஒரு முறை ஊதினேன். முள் கடைசிக் கோடு வரை போய் நின்றது.

மூன்றாவது கண்ணாடியைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் அலசி, அந்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். பால் மாதிரி வெளுத்துக் கலங்கியது. வருஷக்கணக்கில் நான் வெறுத்துச் செய்த அதே சோதனை. எங்கள் வீட்டுக் கிணற்று உப்புத்தான் அங்கே கலங்கி நின்றது. காய்ந்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தியிருக்கிறது. என் எட்டுப் பக்கக் கொள்கை மொத்தமும் அந்த உப்புதான்.

அப்போது நான் செய்ததை எழுதக் கூசுகிறது. நேராக அறைக்குப் போய் ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்தேன். "நீ உப்புத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தது என் படிப்பைக் கெடுத்துவிட்டது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். வேலையும் போய், இதுவும் போய், நடுத்தெருவில் நிற்கிறேன். எல்லாம் உன்னால்" என்று அக்காவுக்கு எழுதினேன். கோபம் ஆறுவதற்குள் ஒட்டித் தபால் பெட்டியிலும் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பேராசிரியரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார், "கண்ணாடியைக் கழுவியது யார்?"

"என் அக்கா."

"கட்டுரையில் கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"பிளாங்க் எடுத்தீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் அவரை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறகு சொன்னார்: "நீங்களாக வந்து சொன்னதால் போகச் சொல்ல மனமில்லை. ஒரு வருடம் வெறும் கண்ணாடியை மட்டும் அளங்கள். பிறகு பார்க்கலாம்."

அப்படித்தான் இந்தத் துறைக்குள் நுழைந்தேன். ஒரு வருடம் ஒன்றுமே பூசாத கண்ணாடியை, ஈரத்திலும் வறட்சியிலும் வெற்றிடத்திலும் அளந்தேன். ஆய்வுக்கூடத்தில் என் இடம் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்க ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். இன்று எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம் என்று தள்ளினேன். அக்காவிடமிருந்து வாரம் தவறாமல் கடிதம் வந்தது. மழை இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலைக்கு ஊற்றாதே. நான் எழுதியதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மறந்துவிட்டாள் என்று வசதியாக நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அவள் இளைத்திருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். குசினியில் நல்ல தண்ணீர்க் குடங்கள் முன்பு இரண்டு இருந்த இடத்தில் ஐந்து இருந்தன. கழுவிய பாத்திரங்களை எல்லாம் கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "டீச்சருக்கு வந்த தெனாவெட்டப் பாரேன். எச்சித் தட்டுக்கு நல்ல தண்ணி கேக்குது" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

"எதுக்குக்கா இவ்ளோ தண்ணி சொமக்க?"

"பழகிக்கிடுதேன். நீ திடீர்னு எதையாவது கழுவக் குடுத்தேன்னா, கை பழைய மாதிரி கெணத்துக்குப் போயிரும்லா."

அலமாரியைத் திறந்து காட்டினாள். கண்ணாடித் துண்டுகள், வெள்ளைத் துணியில், இரண்டு டஜன் இருக்கும். சட்டக் கடையில் அவளே போய் வெட்டி வாங்கி, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி வைத்திருந்தாள்.

"கோயில் சாமியார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

"என்னத்த?"

"பாவசங்கீர்த்தனத்துலதான். தம்பி படிப்பக் கெடுத்துட்டேன்னு. அவருக்கு ஒண்ணும் வெளங்கல போல. மூணு மங்கள வார்த்த செபம் சொல்லச் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. செபமால அம்பத்து மூணு மணியும் சொன்னேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமா, கோழைத்தனமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "பரவால்லக்கா, விடு" என்றேன். மன்னிக்கிறவன் பேசுகிற பேச்சு அது. பாவம் செய்தவன் நான், மன்னித்தவனும் நானே. அந்தக் கண்ணாடிகளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எங்கள் துறை தலைகீழாக மாறியது. துளி அயோடின் ஆவியைக் காட்டினால் ஒரு பிளாஸ்டிக் படலம் உலோகம் போல மின்சாரம் கடத்துவதாக வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. எல்லோரும் அதில் விழுந்தார்கள். நாமாகச் சேர்க்கிற ஒரு துளிப் பொருள் எவ்வளவு வேலை செய்கிறது, தானாக ஒட்டிய அழுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. வெறும் கண்ணாடியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியவன் என்று என்னைத் தேடி வந்தார்கள். முதல் கட்டுரை வெளியானது. அதில் ஒரு பெரிய எண்ணும் இல்லை. ஆனால் எல்லா எண்ணிலும் பிளாங்க் கழிக்கப்பட்டிருந்தது. அந்த இதழை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவதென்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன்.

மத்தியானம். சாளை மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். தப்பு அவளுடையது இல்லை. வெறும் கண்ணாடியை ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நண்பன் கேட்டான், நான் வேண்டுமென்றே பார்க்கவில்லை. சாயத்தைக் கழுவ ஆலைத் தண்ணீர் கொண்டு வந்தவனுக்குக் கண்ணாடியைக் கழுவவும் கொண்டு வரத் தெரியாதா? கடிதத்தில் எழுதியது முழுப் பொய். இத்தனையும் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சிரித்தாள்.

"எம்மேல பாவப்பட்டுச் சொல்லுதலே நீ."

"இல்லக்கா. சத்தியமா."

"சத்தியம் எதுக்குலே பண்ணுத? ஒன்ன எனக்குத் தெரியாதா? நான் ஒடச்ச வெளக்குச் சிம்னிய நீ ஒடச்சதாச் சொல்லி அம்மாட்ட அடி வாங்குனவன்லா. அப்பமே இப்படித்தான்."

சிம்னிக்கு அடி வாங்கியது உண்மைதான். எனக்கு அப்போது ஆறு வயது. மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். "சோறு காயுது, சாப்புடு" என்று சொல்லி இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள். இதழைக் கையில் கொடுத்தேன். என் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, மாதா படத்தடியில் வைத்தாள். அவளிடம் என்ன சொன்னாலும் அது என் நல்ல குணத்தின் கணக்கில்தான் சேரும் என்று அப்போது புரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்தாள்.

"கெணத்துத் தண்ணி போதும்க்கா" என்றேன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீரை மொண்டு, என் தட்டை அலசிக் கவிழ்த்தாள்.